விளக்கை அணைத்தால் வண்டி சரியாகிவிடுமா?

வண்டியின் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தால் டிரைவர் முதலில் கடைக்குத்தான் போன் செய்கிறார். சரக்கு நடு ரோட்டில் நிற்கிறதே என்ற பதற்றத்தில் முதலாளியும், "பேட்டரி வயரைக் கழற்றி மாட்டிப் பார்" என்று சொல்லிவிடுகிறார். பாதி நேரம் விளக்கு அணைந்தும் போகிறது. அணைந்ததும் பழுது தீர்ந்தது என்று எல்லோரும் நிம்மதி அடைகிறார்கள். இந்த நிம்மதிக்கு நம் வணிகர்கள் கொடுக்கும் விலையைப் பற்றித்தான் இங்கே எழுத நினைக்கிறோம்.

2005-இல் டாடா ஏஸ் வந்தபோது நம் ஊர்க்காரர்கள் அதற்குக் குட்டி யானை என்று பெயர் வைத்தார்கள். இரண்டே சிலிண்டர், 702 சி.சி. எஞ்சின். முதலியார்பேட்டையிலோ வில்லியனூரிலோ எந்த மரத்தடி மெக்கானிக்கும் ஸ்பேனர் பெட்டியோடு வந்து சரி செய்து அனுப்பிவிடுவார். 2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பி.எஸ்.6 புகை விதி வந்த பிறகு அந்தக் காலம் முடிந்தது. டீசல் எவ்வளவு பாய வேண்டும், புகை வடிகட்டியை எப்போது சுத்தம் செய்ய வேண்டும் என்பதையெல்லாம் ஒரு சின்ன கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. நம் சரக்கு வண்டிகளில் கியர் இன்னும் பெரும்பாலும் கையால் போடுவதுதான். ஆனால் இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற பிக்கப்களில் தானியங்கி கியரும் வந்துவிட்டது. வசூலுக்கும் கொள்முதலுக்கும் நம்மவர்கள் ஓட்டிப் போகும் ஏ.எம்.டி. கார்களிலும் இதே கதைதான். அவற்றில் கியருக்கென்றே தனியாக ஒரு கம்ப்யூட்டர் உண்டு.

இந்தக் கியர் கம்ப்யூட்டர் ஒரு நல்ல கணக்குப் பிள்ளையைப் போன்றது. கிளட்ச் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, எந்த வேகத்தில் எந்தக் கியருக்கு மாறினால் உலுக்காது என்று ஓட ஓடக் கற்று, குறித்து வைத்துக்கொள்ளும். எங்காவது கணக்கு இடித்தால் விளக்கை எரியவிட்டு, குறிப்பு எண் ஒன்றையும் பதிவு செய்யும். சந்தேகம் பெரிதாக இருந்தால் கியர் பெட்டியைக் காப்பாற்ற ஒரே கியரில் நிறுத்திக்கொண்டு, "மெதுவாக வீட்டுக்குப் போ" என்று விட்டுவிடும்.

ரீசெட் என்று ஒரே சொல்லால் சொல்வதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று, பழுதுக் குறிப்பை அழிப்பது. மற்றொன்று, கற்று வைத்த கணக்கையே அழித்துவிட்டு முதலிலிருந்து கற்க வைப்பது. கிளட்சோ கியர் பெட்டியின் பாகமோ மாற்றினால் இரண்டாவது அவசியம். அப்படிச் செய்யாவிட்டால் பழைய கிளட்சின் கணக்கை வைத்துக்கொண்டு புதிய கிளட்சை ஓட்டும், வண்டி உலுக்கும். ஒன்றும் மாற்றாமல் சும்மா அழித்தாலோ, திரும்பக் கற்கும் வரை நன்றாக இருந்த கியரும் சில காலம் உலுக்கும். பேட்டரி வயரைக் கழற்றுவதால் இந்த இரண்டில் எது நடக்கும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். இப்போதைய பல வண்டிகளில் மின்சாரம் போனாலும் கற்ற கணக்கு அழியாது. ஸ்கேனர் போட்டால்தான் அழியும். எதை அழித்தாலும் பழுதுக்குக் காரணம் உள்ளேயே இருந்தால் விளக்கு மறுபடி எரியத்தான் போகிறது.

நம் வணிக நண்பர் ஒருவரின் தானியங்கி கியர் பிக்கப்பில் விளக்கு எரிந்தது. தெரு முனை எலக்ட்ரீசியன் பேட்டரி வயரைக் கழற்றி அரை மணி நேரம் கழித்து மாட்டினார், விளக்கு அணைந்தது, முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். அன்றே சரக்கு ஏற்றிக்கொண்டு காரைக்காலுக்குப் போன வண்டி சீர்காழி தாண்டி ஒரே கியரில் நின்றுவிட்டது. வேறு வண்டி பிடித்துச் சரக்கை மாற்றிய கூலி தனி, இழுத்து வந்த வாடகை தனி. ஒரு சர்வீஸ் சென்டரில் கியர் கம்ப்யூட்டரையே மாற்ற வேண்டும் என்று லட்சத்தைத் தாண்டி எஸ்டிமேட் போட்டார்கள். எந்தக் குறிப்பு எண் வந்தது என்று கேட்டதற்கு எழுதித் தர மறுத்துவிட்டார்கள். கடைசியில் விவரம் தெரிந்த இன்னொருவர் ஸ்கேன் செய்ததில் மின்னழுத்தம் குறைவு என்று குறிப்பு வந்தது. எர்த் வயரின் முனை பச்சை பூத்துக் கிடந்தது. சுரண்டித் துடைத்து, புது வயர் போட்டார். ஐந்நூறு ரூபாய்கூட ஆகவில்லை. அந்தக் குறிப்பு முதல் நாளே வண்டிக்குள் இருந்திருக்கும். அதைப் படிக்காமல் அழித்ததுதான் வினை.

இந்தப் பச்சை பூப்பது நமக்குப் புதிதல்ல. கடற்கரை ஊரில் வியாபாரம் செய்கிறோம். உப்புக் காற்று நம் ஷட்டரையும் விடுவதில்லை, வண்டியின் கனெக்டரையும் விடுவதில்லை. மழை வெள்ளமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெங்கல் புயல் நம் ஊர் அருகே கரை கடந்தபோது ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. தண்ணீரில் நின்ற வண்டிகள் எத்தனை என்பதை நாம் எல்லோரும் பார்த்தோம். கனெக்டருக்குள் புகுந்த ஈரம் அன்றே வேலையைக் காட்டாது. மாதக்கணக்கில் அரித்து, பிறகுதான் விளக்காக எரியும்.

குறிப்பைப் படிக்கக் கருவி வேண்டும். ஸ்டியரிங்குக்குக் கீழே பதினாறு முனை கொண்ட ஒரு சாக்கெட் இருக்கிறது. அதில் சொருகிப் படிக்கும் சாதாரணக் கருவி சில ஆயிரத்துக்குள் கிடைக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் எஞ்சினைத்தான் படிக்கும். கியரில் குறை என்றால் பி 0700 என்று காட்டும். அதற்கு, "கியர் கம்ப்யூட்டரிடம் ஒரு புகார் இருக்கிறது, அங்கே போய்க் கேள்" என்று மட்டுமே பொருள். அங்கே போய்க் கேட்க, கம்பெனியின் மென்பொருளோ விலை உயர்ந்த ஸ்கேனரோ வேண்டும். நம் தெரு மெக்கானிக்குக் கைத்திறன் இல்லாமல் இல்லை. கருவிதான் இல்லை.

இது நம் ஊர்ப் புலம்பல் மட்டும் அல்ல. ஷம்ஷேர் கட்டாரியா என்பவரின் புகாரை விசாரித்த இந்தியப் போட்டி ஆணையம், உதிரி பாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் வைத்திருந்ததாக 14 கார் கம்பெனிகள் மீது 2014 ஆகஸ்ட் 25 அன்று 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளியில் பழுது பார்த்தால் வாரண்டி அடியோடு ரத்து என்று மொத்தமாக நிபந்தனை போடக்கூடாது என்றும் சொன்னது. கம்பெனிகள் மேல்முறையீடு, வழக்கு என்று போயின. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் 2012-இல் வாக்களித்தே இந்த உரிமையைச் சட்டமாக்கிக்கொண்டார்கள். நம் மத்திய நுகர்வோர் துறை 2022 ஜூலையில் பழுது பார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்தது. அதன் பட்டியலில் மோட்டார் வாகனமும் உண்டு.

கம்பெனிக்காரர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. திருட்டுத் தடுப்புப் பூட்டும் அதே கம்ப்யூட்டர்களோடுதான் பிணைந்திருக்கிறது. கண்டவர் கையில் கொடுக்க முடியாது. புகை வடிகட்டியைக் கழற்றி வீசிவிட்டு கம்ப்யூட்டரை ஏமாற்றித் தரும் ஆட்களும் இருக்கிறார்கள். மைலேஜ் கூடும் என்று அவர்களைத் தேடிப் போகும் வணிகர்களும் நம்மிடையே உண்டு என்பதை மறைப்பானேன்? ஆனால் எழுதுவதற்கும் படிப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. நம் வண்டி சொல்லும் குறையை நாம் படித்துத் தெரிந்துகொள்வதால் யார் பூட்டு உடைந்துவிடும்?

உறுப்பினர்கள் டிரைவர்களிடம் இன்றே ஒரு வார்த்தை சொல்லி வைக்க வேண்டும்: விளக்கு எரிந்தால் முதலில் போட்டோ எடு, குறிப்பு எண்ணை எழுதி வாங்கு, அதற்குப் பிறகே எதையும் அழிக்க விடு. எஸ்டிமேட் கேட்கும்போதும் எண்ணைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். தராத இடத்தில் லட்ச ரூபாய் வேலையை ஒப்படைக்க வேண்டாம். சங்கமும் சும்மா இருக்கலாகாது. கியர் கம்ப்யூட்டரையும் படிக்கக்கூடிய நல்ல ஸ்கேனர் ஒன்றைப் பொதுவில் வாங்கி, மேட்டுப்பாளையம் லாரி முனையத்தின் பக்கம் நம்பகமான மெக்கானிக் ஒருவரிடம் வைத்து, உறுப்பினர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் படித்துத் தரச் செய்யலாம். தனி ஒரு கடைக்குக் கட்டாத செலவு நூறு கடை சேர்ந்தால் பெரிதல்ல. அடுத்த நிர்வாகக் குழுவில் இதைத் தனிப் பொருளாக எடுத்துக்கொள்ளும்படி தலைவரையும் செயலாளரையும் கேட்டுக்கொள்கிறோம். ஐப்பசி மழைக்கு முன்பே கருவி வந்துவிட்டால் இந்த ஆண்டே உபயோகப்படும்.