செயலிக்குத் தெரியாத மூட்டைக் கணக்கு

அண்ணன் மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். பொங்கலுக்கு அம்மாப்பேட்டைப் பக்கத்து எங்கள் ஊருக்கு வந்தவள், தன் அம்மாவின், அதாவது என் அண்ணியின், போனில் வரவு செலவுச் செயலி ஒன்றை ஏற்றிவிட்டுப் போனாள். வங்கிக் குறுஞ்செய்திகளைப் படித்து அதுவே கணக்கு எழுதிக்கொள்ளும் வகை. பிப்ரவரி கடைசியில் சம்பா நெல் போட்ட பணம் வங்கியில் ஏறியது. செயலி பாராட்டுப் பத்திரம் வாசித்தது. மார்ச்சில் வருமானம் அதலபாதாளம் என்று அலறியது. ஏப்ரலில் அண்ணி நகைக்கடன் வாங்கினார். அந்தப் பணத்தையும் வருமானம் என்று எழுதிக்கொண்டு மறுபடி பாராட்டியது. “இதுக்கு நம்ம வயலும் தெரியல, வட்டியும் தெரியலடி” என்று மகளுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு அண்ணி அதை நீக்கிவிட்டார்.

நான் அண்ணி கட்சி. செயலியில் கோளாறு ஒன்றுமில்லை. அது முதல் தேதி சம்பளம் வாங்குபவருக்காகச் செய்யப்பட்டது. அமெரிக்காவில் எலிசபெத் வாரனும் அவர் மகளும் 2005இல் எழுதிய புத்தகத்தால் பரவிய 50-30-20 கணக்கும் அப்படித்தான்: கைக்கு வரும் சம்பளத்தில் பாதி அவசியத்துக்கு, முப்பது சதவீதம் ஆசைக்கு, இருபது சேமிப்புக்கு. உரமூட்டையை இதில் எந்தப் பங்கில் எழுதுவது? நடவுக் கூலி அவசியமா, சேமிப்பா? விதைநெல்லும் சாப்பாட்டு நெல்லும் பணமாகவே மாறாமல் கூடத்து மூலையில் அடுக்கிக் கிடக்கின்றன. வீட்டின் பெரிய செலவான அரிசி, செயலியின் கண்ணில் படவே படாது.

காவிரி டெல்டாவில் குடும்பக் கணக்கு மாதத்தில் அடங்கியதே இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன் கோயிலின் ஆடல் மகளிரான தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேருக்குத் தலைக்கு ஒரு பங்கு வைக்கிறான். பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல், ஆடவல்லான் மரக்காலால் அளந்து. ஆயிரம் வருஷமாகியும் வரவு அதே ஓட்டம்தான். குறுவைப் பணம் புரட்டாசி, ஐப்பசியில்; சம்பாப் பணம் தை, மாசியில். நடுவில் ஜூன் மாதம் இருக்கிறதே, அதுதான் கழுத்தை நெரிப்பது. பள்ளிக்கூடக் கட்டணமும் குறுவை நாற்றங்கால் செலவும் ஒரே வாரத்தில் வாசலில் நிற்கும்.

ஆகவே என் சிபாரிசு, நீள நோட்டு. மாதத்துக்கொரு பக்கம் வேண்டாம், போகத்துக்கொரு பக்கம். ரூபாயை ஒட்டி இன்னொரு பத்தி போட்டு மூட்டையிலும் எழுதுங்கள். 2025-26க்குத் தமிழக அரசு சன்ன ரகத்துக்கு அறிவித்த விலை குவிண்டாலுக்கு 2,545 ரூபாய்; கொள்முதல் நிலையத்தில் மூட்டை 40 கிலோ. ஆக மூட்டைக்கு 1,018 ரூபாய், வாய்க்கணக்குக்கு ஆயிரம். மகன் கேட்கும் போன் இருபத்தைந்தாயிரம் என்றால் அது இருபத்தைந்து மூட்டை. ஏக்கருக்கு ஐம்பது மூட்டை கண்டாலே நல்ல மகசூல் என்கிற வீட்டில், அந்தப் போன் அரை ஏக்கர் வெள்ளாமை. அண்ணி இப்படிச் சொன்னதும் பையன் வாயை மூடிக்கொண்டான். செயலியின் எந்த வட்ட வரைபடத்துக்கும் இந்தச் சக்தி கிடையாது. மகளிர் உரிமைத் தொகை ஆயிரமும் மாதம் ஒரு மூட்டைதான். மளிகைக்கு அதை மட்டும் தனியே வைத்துக்கொள்கிற பெண்கள் எங்கள் தெருவில் இருக்கிறார்கள்.

கணினிக்கு இடமே இல்லையா என்றால், ஓர் இடத்தில் உண்டு. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12இல் திறக்க வேண்டும். 2022இல் மே 24லேயே திறந்தார்கள். 2024இல் ஜூலை 28 வரை தண்ணீர் இல்லை. ஆற்றுத் தண்ணீரை நம்பியவர்களுக்கு அந்த வருஷம் குறுவைப் பக்கம் வெறும் பக்கம். அதனால் பட்ஜெட் ஒன்று போதாது, இரண்டு வேண்டும்: தண்ணீர் வந்தால் ஒன்று, வராவிட்டால் ஒன்று. எக்செல் தாளில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, ஓர் எண்ணை மாற்றினால் மீதி என்னாகிறது என்று பார்ப்பது சுலபம். பெங்களூர் மகள் செய்ய வேண்டிய உதவி இதுதான். வருஷத்துக்கு ஒரு தடவை, மே மாதத்தில்.

அன்றாடம் எழுதுவதை மட்டும் செலவழிக்கிறவர் கையில் விட்டுவிடுங்கள். மகளிர் குழுவில் பேரேடு எழுதிப் பழகியவர் பல வீடுகளில் இருக்கிறார். குழுவின் கணக்கைப் பைசா பிசகாமல் எழுதும் அவரிடம் வீட்டுக் கணக்கைக் கொடுக்க ஆண்களுக்கு ஏனோ மனம் வருவதில்லை.

இன்னொரு கருவி ஏற்கெனவே சுவரில் தொங்குகிறது. கூட்டுறவுச் சங்கத்துப் பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டினால் வட்டியே கிடையாது, தாண்டினால் உண்டு. அந்தத் தேதியையும் நகைக்கடன் கெடுவையும் காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டுவிடுங்கள்.

குறுவைப் பணம் வங்கியில் ஏறியதும் கும்பகோணத்துக்குப் பஸ் ஏறாதீர்கள். முதலில் நோட்டைப் பிரித்துச் சங்கத்துக் கடனை எழுதுங்கள், அடுத்து சம்பா நடவுக் கூலி, உரம், தை வரைக்குமான மளிகை. தீபாவளித் துணி அதற்குக் கீழே எத்தனை மூட்டை மிஞ்சுகிறதோ அத்தனைக்குத்தான்.