அந்த அரை மணி நேரத்தையும் பறிக்காதீர்கள்

நம் பகுதித் தமிழ் மலரொன்றில் வெளிவந்த ஒரு கட்டுரைக்கு இது எதிர்வினை. எழுதியவர் மொன்றியலில் நெடுங்காலம் அரசுப் பணி செய்து ஓய்வு பெற்ற மூத்தவர். தொழில் மாற முயலும் புதியவர்கள் தங்களுக்குத் தாங்களே நாளுக்கொரு சவால் விதித்துக்கொள்வது வெறும் ஏமாற்று என்கிறார். கியூபெக்கின் சட்டமும் தொழிற்சபைகளும் வழியை அடைத்து வைத்திருக்கும்போது அரை மணி நேரப் பயிற்சியால் எதுவும் ஆகாதாம். கிடைத்த வேலையில் நின்று பிள்ளைகளைப் படிப்பிப்பதுதான் புத்தியாம். மொன்றியலின் லாசால் பகுதியில் அந்தக் கட்டுரை கைமாறிக் கைமாறி வாசிக்கப்படுகிறது. அதை வாசித்துவிட்டு, செய்துவந்த பயிற்சியை நிறுத்தியவர்களை நான் அறிவேன். அதனால்தான் வாய் மூடி இருக்க முடியவில்லை.

அவர் அடுக்கும் தடைகள் எல்லாம் உண்மை. கியூபெக்கில் 46 தொழிற்சபைகள் இருக்கின்றன. தாதியும் பொறியியலாளரும் கணக்காளரும் அவற்றின் உரிமம் இல்லாமல் தம் தொழிற்பெயரைச் சொல்லிக்கொள்ளவே முடியாது. 1977-இல் வந்த பிரெஞ்சு மொழிச் சாசனத்தின் 35-ஆம் பிரிவு, தொழிலுக்கு ஏற்ற பிரெஞ்சு தெரியாதவருக்கு உரிமம் கொடுக்கக் கூடாது என்கிறது. வெளியிலிருந்து வந்து தகுதியோடு நிற்பவருக்குத் தற்காலிக உரிமம் உண்டு. அதன் ஆயுள் ஓராண்டுக்கு மேற்படாது; நீட்டிப்பதற்கும் எல்லை உண்டு. 2023 ஜூன் முதல், குடிவந்து 6 மாதம் கடந்தவரோடு அரசு அலுவலகங்கள் சில விலக்குகள் தவிரப் பிரெஞ்சிலேயே தொடர்புகொள்கின்றன. இப்படியெல்லாம் பிரெஞ்சைக் கேட்கும் அதே அரசின் கீழ்தான், 2024 இலையுதிர்காலத்தில் நிதி இல்லையென்று எத்தனையோ பிரெஞ்சு வகுப்புகள் இழுத்து மூடப்பட்டன. இது அநியாயம். இதை எதிர்த்து அவர் மனு எழுதினால் முதல் கையெழுத்து என்னுடையது.

ஆனால் அவர் எழுதியது மனு அல்ல. அநியாயத்தைச் சரியாக விவரித்துவிட்டு, அதற்கு அடங்கிப் போகச் சொல்கிறார். கெடு வைத்துப் பிரெஞ்சைக் கேட்கிறது சட்டம். அந்தச் சட்டத்தின் முன்னால் நாள்தோறும் பிரெஞ்சு கதைத்துப் பழகுவது வீண் என்பது எந்த ஊர்க் கணக்கு? வகுப்பு மூடப்பட்ட அன்று, வகுப்பை மட்டும் நம்பி இருந்தவர் முழுவதையும் இழந்தார். தனக்கென்று ஒரு தினப் பழக்கம் வைத்திருந்தவர் பாதியையாவது காப்பாற்றிக்கொண்டார். எந்த அமைச்சும் வெட்ட முடியாத ஒரே வகுப்பு அதுதான். அமைப்பு பழுது என்றால் தினப் பயிற்சியின் தேவை கூடும். குறையும் என்று அவர் வாதிடுவது தன் வாதத்தையே தான் விளங்கிக்கொள்ளாத நிலை.

லாசாலில் ஒரு தங்கச்சி இருக்கிறார். யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்தவர். இங்கே ஏஜென்சி மூலம் உணவு பொதிசெய்யும் தொழிற்சாலையில் நிற்கிறார். விடியுமுன் அங்கிரிஞோன் மெற்றோவுக்குப் பக்கத்தில் வான் வந்து ஏற்றிப் போகும். சிறுவர் பராமரிப்பு நிலையத்தில் கல்வியாளராக வேண்டும் என்பது அவர் இலக்கு. செஜெப் கல்லூரியில் பெரியவர்களுக்கென நடக்கும் ஏ.இ.சி. சான்றிதழ்ப் படிப்புக்கு ஆயத்தமாகிறார். 1997-இல் நாளுக்கு 5 டொலர் கட்டணத்தோடு தொடங்கிய அந்தப் பொதுப் பராமரிப்பு அமைப்பு பயிற்சி பெற்ற ஆளில்லாமல் திண்டாடுகிறது. இவருக்கு இடம் இருக்கிறது. குறுக்கே நிற்பது பிரெஞ்சு மட்டும்தான்.

அவர் தனக்கு விதித்துக்கொண்டது இது: நாள்தோறும் முன்பின் தெரியாத ஒருவரிடம் ஒரு புது வாக்கியத்தைப் பிரெஞ்சில் சொல்ல வேண்டும், எதிரில் நிற்பவர் ஆங்கிலத்துக்கு மாறினாலும் தான் மாறக் கூடாது. கையில் ஒரு சின்னக் கொப்பி. இடப்பக்கத்தில் தான் சொல்ல நினைத்ததைத் தமிழ் எழுத்தில் எழுதுகிறார். வலப்பக்கத்தில் எதிரே நின்றவர் உண்மையில் சொன்னதை. "வூ புவே ரெப்பெத்தே, சில் வூ ப்ளே?" என்பது பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. திரும்பச் சொல்வீர்களா என்று கேட்கும் வாக்கியம். மருந்துக்கடையில் மருந்தாளர் "து ஃபுவா பார் ஜூர்" என்றதை, நாளுக்கு இரு முறை என்று தானே விளங்கிக்கொண்டு, மொழிபெயர்க்கப் பிள்ளையைக் கூப்பிடாமல் வீடு வந்த நாளைச் சிவப்பு மையால் கட்டம் போட்டு வைத்திருக்கிறார். இதைத்தான் நம் கட்டுரையாளர் ஏமாற்று என்கிறார்.

லாசாலை அறிந்தவருக்கு இந்தச் சவாலின் கூர்மை புரியும். இங்கே ஆங்கிலத்தோடேயே காலம் தள்ளலாம். நியூமன் வீதிக் கடைகளில் "போன்ஜூர்" என்று தொடங்கி நாக்குத் தடுமாறினால், மறுமுனை உடனே ஆங்கிலத்துக்கு இறங்கிவிடும். அந்த இரக்கம் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக நம்மைத் தொழிற்சாலை வாசலிலேயே நிறுத்தி வைக்கிறது. பழகும் வாய்ப்பு இங்கே தானாக வராது. வலிந்து தேட வேண்டும். அதற்குத்தான் தினச் சவால்.

ஒரு நாள் தவறினால் சங்கிலி அறுந்து மனம் உடைந்துவிடும் என்ற அவருடைய பயமும் ஆதாரமற்றது. பழக்கம் படிய இத்தனை நாள்தான் என்ற கெடுவே உறுதியானதல்ல. 21 நாளில் பழக்கம் படியும் என்ற பேச்சு, மாக்ஸ்வெல் மோல்ட்ஸ் என்ற ஒட்டறுவை மருத்துவர் 1960-இல் எழுதிய நூலிலிருந்து திரிந்து வந்தது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைக் கொண்டு செய்த ஆய்வு 2010-இல் அச்சானது. பழக்கம் படியச் சராசரி 66 நாள் என்றது அது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியது பழக்கத்தைக் குறிப்பிடும்படி பாதிக்கவில்லை. காய்ச்சலில் படுத்தவரும் இரட்டை ஷிப்ட் அடித்தவரும் மறுநாள் தொடரலாம். விட்ட நாளுக்காகக் குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டியதில்லை.

தினச் சவால் வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்கு என்கிறார். நிரலாளர்களிடையே பரவிய 100 நாள் சவாலை 2016-இல் தொடங்கிய அலெக்ஸாண்டர் கலவே இருந்தது பக்கத்து ரொறொன்ரோவில். வேலை நேரத்துக்கு வெளியே தினமும் ஒரு மணி நேரம் நிரல் எழுத வேண்டும் என்பதே அதன் விதி. வேலைக்குப் போகிறவர் தனக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு அது. களைப்பு உண்மைதான். பத்து மணி நேரம் நின்ற கால்களுக்கு முன்னால் உபதேசம் செய்ய எனக்கு உரிமையில்லை. அதனால்தான் பஸ் தரிப்பிடத்திலும் கடை வரிசையிலும், நாளுக்குள்ளேயே செய்து முடிக்கக்கூடிய சவாலைச் சொல்கிறேன். தொலைபேசியின் மொழிச் செயலியில் தனியே இருந்து புள்ளி சேர்ப்பதை நானும் பெரிதாக மதிக்கவில்லை. மனிதர் முகம் பார்த்துக் கதைத்தால்தான் மொழி வரும்.

என்னை அதிகம் கொதிக்க வைத்தது அவருடைய கடைசி வாதம். முதல் தலைமுறை கோப்பை கழுவியது, சவால் எதுவும் எடுக்கவில்லை, பிள்ளைகள் மேலே வந்தார்கள் என்கிறார். அந்தத் தலைமுறையின் உழைப்புக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் அவர்கள் விரும்பித்தான் அங்கேயே நின்றார்கள் என்று எழுத அவருக்கு யார் அதிகாரம் கொடுத்தது? புதிதாக வந்தவர்களுக்குப் பிரெஞ்சு கற்பித்த கோஃபி நிலையங்கள் 2000 வரை இயங்கின. அந்த வகுப்புகளில் இருந்து படித்து வேலை மாறியவர்களும் அதே தலைமுறைதான். அவர்களை ஏன் கணக்கில் எடுக்கவில்லை? பிள்ளைகளுக்காக என்ற பெயரில் அடங்கச் சொல்லப்படுகிறவர் பெரும்பாலும் தாய்தான் என்பதையும் அவர் கவனிக்கவில்லை. 40 வயதில் வந்தவருக்கு 65 வரை 25 ஆண்டு வேலைக்காலம் கிடக்கிறது. அந்த 25 ஆண்டையும் பொதி கட்டும் மேசைக்கு எழுதி வைக்க அவர் யார்? தாய் மருந்துக்கடையில் தானே கதைத்தால் பிள்ளைக்கு அது நட்டமா?

ஐயா, நீங்கள் அரசு அலுவலகத்தில் ஆண்டுக்கணக்கில் பிரெஞ்சில் வேலை செய்தவர். உங்கள் பிரெஞ்சு எங்களில் பலருக்கு வாய்க்காதது. அடுத்த மலருக்கு இன்னொரு கட்டுரை எழுதுமுன், லாசாலில் தொழில் மாற முயலும் ஒருவரைத் தேடி எடுங்கள். நாளுக்குப் பத்து நிமிடம் அவரோடு பிரெஞ்சில் கதையுங்கள். அவர் திக்கினாலும் நீங்கள் தமிழுக்கு மாறாதீர்கள். உங்கள் கட்டுரையால் பயிற்சியை நிறுத்தியவர்களுக்கு நீங்கள் பட்ட கடன் அது.