பல மரங் கண்ட தச்சன்

"பல மரங் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்" என்பது பழமொழி. தன் துறையின் நீங்கிப் பிறதுறை நூலைத் தொடும் மாணவனை நோக்கி இஃது அடிக்கடி கூறப்படுகின்றது. இக்கூற்று எஞ்ஞான்றும் பொருந்துமோ?

அலன் டூரிங் என்னும் ஆங்கில அறிஞரின் ஆராய்ச்சிகளை நோக்குவோம். எக்கணித வாக்கியமும் நிறுவத்தக்கதோ அன்றோ எனத் துணிதற்குப் பொதுமுறை உண்டோ என்று ஆராயப் புகுந்த அவர், 1936-இல், படிப்படியாய்க் கணக்கிடும் பொறியொன்றை மனத்தால் அமைத்து, அத்தகைய முறை இல்லையென நிறுவினார். அம்மனப்பொறியே இன்றைய கணிப்பொறி நூலுக்கு அடிப்படையாயிற்று. 1950-இல், பொறி சிந்திக்குமோ என்னும் வினாவை, உளநூலுக்கும் தத்துவத்திற்கும் உரிய 'மைண்டு' என்னும் இதழில் ஆராய்ந்தார். 1952-இல், வேதிப்பொருள்கள் தம்முள் வினைபுரிந்து பரவுதலாலேயே உயிர்களின் உடலிற் புள்ளி முதலிய கோலங்கள் தோன்றக்கூடும் என்று கணக்கினாற் காட்டினார்.

கணிதம், பொறி, உள்ளம், உயிர் என இவை மேலோட்டமாய் நோக்குவார்க்கு வேறுவேறு துறைகளே. ஆயினும், எளிய விதிகள் சில கூடி அரியதொன்றை ஆக்குவது எங்ஙனம் என்னும் ஒரே வினா இவையனைத்தினும் ஊடுருவி நிற்பதாக எமக்குத் தோன்றுகின்றது. மரங்கள் பல, உளி ஒன்றே.

வினா ஏதுமின்றி நூல்தோறும் தாவுவோனுக்கு அப்பழமொழி பொருந்துக. வினாவொன்றைப் பற்றிச் செல்வோனை அது தடுத்தல் முறையன்று. தமிழ் பயிலும் எமக்கும், யாப்பில் எண்ணும், அகத்திணையில் நிலமும் உள்ளமும் எதிர்வந்து நிற்கின்றன. அவற்றை விளக்கும் நூல்கள் பிறதுறையாரின் அலமாரிகளில் உள்ளன. அவற்றைத் திறக்க நாம் நாணுவது ஏன்?