கெண்டைக்குப் போட்ட வேலி

போன ஞாயிற்றுக்கிழமை ராஜபாளையத்திலிருந்து நண்பனோடு பைக்கில் கிளம்பினேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் அரைக் கிலோ பால்கோவா. அப்புறம் வத்திராயிருப்பு வழியாகப் பிளவக்கல். மலையடிவாரத்தில் பெரியாறு, கோவிலாறு என்று இரண்டு அணைகள். பெரியாறு அணை சுமார் 47 அடி. மேட்டூரின் 120 அடிக்கு முன்னால் கடைக்குட்டித் தம்பி!

பொட்டலத்தைப் பிரித்ததும் நண்பனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "மாப்ளே, மண்ணைக் கொட்டிக் கரை போட்டிருக்கான். கரைஞ்சிடாதா?"

நியாயமான பயம்தான். ஆனால் களிமண்ணை அடுக்கடுக்காகக் கொட்டி, நனைத்து, உருளை ஓட்டி இறுக்கினால் அது லேசில் கரையாது. அதற்கு முக்கியமான எமன் இரண்டு பேர்.

ஒன்று, வயிற்றில் ஓட்டை. எலி வளை, நண்டு வளை, பட்டுப்போன மரத்தின் வேர். கரையடியில் தெளிந்த நீர் கசிந்தால் கண் வைத்திருக்கணும். கலங்கலாக வந்தால் ஓடிப்போய் ஊருக்குச் சொல்லணும். உள்ளேயிருந்து கரையே கரைந்து வருகிறது என்று அர்த்தம்.

இரண்டு, தலைக்கு மேல் வெள்ளம். கரை மேல் தண்ணீர் வழிந்தால் மண்ணை அரித்து அறுத்துவிடும். 1979 ஆகஸ்ட் 11-ல் குஜராத்தில் மச்சு அணை இப்படித்தான் உடைந்து மோர்பி நகரை மூழ்கடித்தது.

பி.காம். பாஷையில் சொன்னால், வரவு மழையின் கையில். செலவு மட்டும்தான் நம் கையில். அந்தச் செலவுக்குப் பெயர் கலுங்கு. உபரி நீர் மறுகால் பாயும் வழி.

இங்கே ஒரு வாக்குமூலம். பள்ளிக்கூட நாளில், கண்மாய் மறுகால் பாயும்போது கலுங்கில் வலை கட்டிக் கெண்டை பிடித்த கோஷ்டியில் நானும் உண்டு. வலையில் சருகும் தழையும் அடைக்கும். தண்ணீர் ஒரு சாண் ஏறும். ஒரு பெரியவர் வந்து அரிவாளால் வலையை அறுத்தெறிந்தார். 'பொறாமை பிடிச்ச கிழம்' என்று திட்டித் தீர்த்தோம்.

இதே வேலையைக் கோடீஸ்வரர்களும் செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியா. மீன் பிடித்துப் பொழுதுபோக்க ஒரு கிளப், 72 அடி மண் அணை. எஃகு அதிபர் ஆண்ட்ரூ கார்னகியும் அதில் உறுப்பினர். சாரட்டு வண்டிகள் போய்வர வசதியாகக் கரை உச்சியைத் தாழ்த்தினார்கள். மீன் தப்பிக்காமலிருக்க மறுகால் வாயில் கம்பி வலை போட்டார்கள். அடிமட்டத்தில் தண்ணீரைத் திறந்துவிடும் குழாய்களை முந்தைய சொந்தக்காரர் பிடுங்கி விற்றிருந்தார், புதிதாகப் போடவில்லை. 1889 மே 31, பேய்மழை. கரை உடைந்தது. 14 மைல் கீழே இருந்த ஜான்ஸ்டவுன் நகரில் 2,209 பேர் பலி.

நண்பன் பால்கோவாவை மறந்துவிட்டான். "இப்ப சட்டம் இருக்குல்ல?"

இருக்கிறது. 2021-ல் வந்த அணைப் பாதுகாப்புச் சட்டம். ஆனால் 10 மீட்டருக்குக் குறைந்த கரைகள் அதில் வராது. நம்மூர்க் கண்மாய்க்கு அந்த அரிவாள் பெரியவர்தான் சட்டம்.

திரும்பும் வழியில் ஒரு கண்மாய்க் கலுங்கு. நாலு பொடியன்கள் வலை கட்டிக்கொண்டிருந்தார்கள். வண்டியை நிறுத்தி ஜான்ஸ்டவுனில் ஆரம்பித்தேன்.

"மீன் வேணும்னா நேராக் கேளுங்கண்ணே!" என்றான் ஒருவன்.

என்னிடம் அரிவாள் இல்லை. மிச்சமிருந்த கால் கிலோ பால்கோவாவை நீட்டினேன். வலை அவிழ்ந்தது.

செலவு: கால் கிலோ. வரவு: ஒரு கரை.