கப்பிக்கும் கொஞ்சம் மரியாதை கொடுங்கள்



வளைகுடாவில் எண்ணெய்க் கிணற்று வேலை பார்க்கும் என் பழைய மாணவன் விடுமுறைக்கு சாத்தான்குளம் வந்திருந்தான். ஒயர்லைன் வின்ச்சின் திறனைப் பற்றி அரை மணி நேரம் பேசினான். "கேபிளைத் திருப்பும் கீழ்க்கப்பியைக் கட்டியிருக்கும் சங்கிலி எவ்வளவு தாங்கணும்?" என்று கேட்டேன். "கேபிள் இழுவை எவ்வளவோ அவ்வளவுதான் சார்" என்றான்.

தப்பு. கேபிள் 90 டிகிரி திரும்பினால் 1,000 கிலோ இழுவைக்குச் சங்கிலியில் சுமார் 1,414 கிலோ. உச்சிக் கப்பியிலோ ஏறுவதும் இறங்குவதும் ஏறக்குறைய நேராக இருப்பதால் 2,000 கிலோவை ஒட்டி வரும். நரிமணத்து ஓ.என்.ஜி.சி. கிணறானாலும் நம் வீட்டு வாளிக் கிணறானாலும் கணக்கு ஒன்றுதான்.

சங்கிலி அறுந்தால் கப்பி கேபிள் வளைவின் உட்பக்கமாகத்தான் பாயும். வின்ச் ஓடும்போது அங்கே நிற்காதீர்கள், மேலதிகாரி கூப்பிட்டாலும் சரி.

அவனைக் குறை சொல்ல மாட்டேன். சூத்திரத்தை மனப்பாடம் செய்யவைத்துவிட்டு, பிள்ளைகளைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போகாதது நான்தான். இந்த வேலையில் இருப்பவர்கள் ஊருக்கு வந்தால் பள்ளியில் ஒரு பீரியட் பேசுங்கள். கயிறு, கப்பி, ஸ்பிரிங் தராசு நான் கொண்டுவருகிறேன்.