யாருடைய காணியை யார் தாறது?

1/ வீடில்லாத சனம் எண்டால் கட்ட வசதியில்லாத ஆக்கள் எண்டுதானே நினைக்கிறீங்கள்? வலிகாமம் வடக்கைப் பாருங்கோ. கல்வீடு, கிணறு, தோட்டம், கையில உறுதி எல்லாம் இருந்த சனம்தான் 1990இல் இடம்பெயர்ந்து முகாமுக்குள்ள வந்தது.

2/ போர் 2009 மே மாதம் முடிந்தது. 2013இல் அரசாங்கம் செய்த வேலை, 6,381 ஏக்கரைச் சுவீகரிக்கப் போறம் எண்டு அறிவித்தல் விட்டது. பொதுத் தேவையாம்! காணிக்காரர் வழக்குப் போடவேண்டி வந்தது.

3/ காங்கேசன்துறைக் கடற்கரையில இராணுவம் தல்செவன எண்டு ஒரு விடுதி நடத்துது. உல்லாசப் பயணி வந்து படுத்தால் பாதுகாப்புக்குப் பங்கமில்லை. பக்கத்துக் காணிக்காரன் வந்தால்தான் பிரச்சினை.

4/ வைத்தியராச் சொல்லுறன். முகாமில இரவில பொதுக் கழிப்பறைக்குப் போகப் பயந்து, பின்னேரத்தில இருந்தே தண்ணி குடிக்காமல் இருக்கிற பெண்கள் உண்டு. சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வரும். அன்டிபயோட்டிக் எழுதலாம். கழிப்பறையோட ஒரு வீட்டை எந்தத் துண்டில எழுதுறது?

5/ விடேல்லையோ எண்டு கேப்பீங்கள். விட்டவை. மயிலிட்டித் துறைமுகம் 2017இல், 27 வருசத்துக்குப் பிறகு. மற்றதுகளும் துண்டு துண்டாத்தான். ஒவ்வொரு முறையும் மேடை, மாலை, நன்றியுரை வேற. எடுத்ததைத் திருப்பித் தாறதுக்கு என்ன மாலை?

6/ இண்டைக்கும் பாதுகாப்புச் செலவு உங்கட வரியில இருந்துதான் போகுது. அடுத்த முறை வோட்டுக் கேட்டு வாறவரிட்டக் கேளுங்கோ: மிச்சம் எத்தனை ஏக்கர்? எந்தத் திகதி?