சென்னைக் குளிர் வேறு... டில்லிக் குளிர் வேறு!

மார்கழி பிறந்துவிட்டால் உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு கட்டாயம் வரும். டில்லியிலிருந்து லீவுக்கு வந்த மாப்பிள்ளை, காலை 6 மணிக்கு மஃப்ளர் சுற்றிக்கொண்டு பால் வாங்கக் கிளம்பும் மாமனாரைப் பார்த்துச் சிரிப்பார். "21 டிகிரிக்கு மஃப்ளரா? எங்க ஊருக்கு வந்து பாருங்க மாமா... 7, 8 டிகிரி!" என்பார். "எனக்குக் குளிருது மாப்ளே, என்ன பண்ணச் சொல்றீங்க?" என்று மாமனாரும் விடாமல் கேட்பார்.

யார் பக்கம் நியாயம்? என்னைக் கேட்டால், நான் மாமனார் கட்சி!

காரணம் இருக்கிறது. தெர்மாமீட்டர் காற்றின் சூட்டைத்தான் அளக்கும். நம் உடம்பு அளப்பது வேறு கணக்கு. தன்னிடமிருந்து சூடு எவ்வளவு வேகமாகப் பறிபோகிறது என்பதைத்தான் தோல் உணர்கிறது. காற்று வீசினால் சூடு சீக்கிரம் போகும். ஈரத்துணி உடம்பில் ஒட்டினால் இன்னும் சீக்கிரம் போகும். தரை சில்லென்று இருந்தால் உள்ளங்கால் வழியாகப் போகும். வெயில் விழுந்தால் போனதில் பாதி திரும்பி வரும். இதெல்லாம் போக, போன மாதம் வரை அந்த உடம்பு எதற்குப் பழகியிருந்தது என்பதும் சேரும். வருஷத்தில் முக்கால்வாசி நாள் வியர்வையில் குளித்த சென்னைக்காரருக்கு 20 டிகிரி என்பது நிஜமான குளிர்தான். அது வேஷம் இல்லை.

நான் சொல்வதை நம்ப வேண்டாம். இந்திய வானிலை ஆய்வுத் துறையே இதை ஒப்புக்கொண்டிருக்கிறது. 'குளிர் அலை' என்று அறிவிக்க, சமவெளி ஊர்களில் குறைந்தபட்ச வெப்பநிலை 10 டிகிரிக்கு இறங்க வேண்டும் என்பது கணக்கு. ஆனால் கடற்கரை ஊர்களுக்கு 15 டிகிரிக்கு இறங்கி, வழக்கத்தைவிட 4.5 டிகிரி குறைந்திருந்தாலே போதும். மலையூர்களுக்கோ 0 டிகிரி! ஒரே நாட்டில் குளிருக்கு மூன்று அளவுகோல். அடுத்த தடவை மாப்பிள்ளை சிரித்தால் இதைச் சொல்லுங்கள்.

சரி, சிரிப்பு இருக்கட்டும். எனக்குக் கவலை வேறு. ஒரு ஊர்க் குளிருக்குப் பழகிய பழக்கங்களை அப்படியே பெட்டியில் மடித்து வைத்துக்கொண்டு இன்னொரு ஊருக்குப் போகிறோமே, அதில்தான் ஆபத்து. முக்கியமாக, பேரன் பேத்தியைப் பார்க்க டிசம்பரில் டில்லிக்கு ரயிலேறும் தாத்தா, பாட்டிகள் விஷயத்தில்.

டில்லிக் குளிர் எப்படிப்பட்டது தெரியுமா? ஜனவரியில் சராசரியாகப் பகலில் 20 டிகிரி, இரவில் 7, 8 டிகிரி. 1935 ஜனவரியில் சப்தர்ஜங் நிலையத்தில் 0 டிகிரிக்கும் கீழே, மைனஸ் 0.6 வரை போயிருக்கிறது. ஆனால் எண்ணைவிட மோசம் வீடு! லண்டனில் வெளியே நடுங்கினாலும் உள்ளே வந்தால் கதகதப்பாக இருக்கும். டில்லியில் வீடுகளைக் கட்டியது மே மாதத்து அனலுக்காக. மொசைக் தரை, மார்பிள் தரை, கனத்த சுவர். ஜனவரியில் அந்தத் தரை ஐஸ் கட்டி மாதிரி இருக்கும். நாமோ வீட்டுக்குள் செருப்புப் போடாத ஜாதி. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு சமையலறையில் இரண்டு மணி நேரம் நிற்கும் பாட்டிக்கு மூட்டு பிடித்துக்கொள்ளாமல் என்ன செய்யும்? சாஸ்திரத்தை விட முடியவில்லையா, கெட்டியான சாக்ஸ் போடுங்கள். வீட்டுக்கென்றே தனியாக ஒரு ஜோடி செருப்பு வைத்துக்கொண்டால் எந்த ஆசாரமும் கெடாது.

"அதான் ஒரே மூடுபனியா இருக்கே, அப்புறம் ஏன் டாக்டர் தொண்டை வறளுது?" என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்வி. குளிர்ந்த காற்றுக்கு நீரைத் தாங்கும் சக்தி கொஞ்சம்தான். அது மூச்சோடு உள்ளே போய் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாகும்போது தாகம் எடுத்த ஆள் மாதிரி ஆகிவிடும். நம் மூக்கிலும் தொண்டையிலும் இருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். குளிரில் தாகம் தெரியாது, சிறுநீரோ அதிகம் போகும். 'ராத்திரி எழுந்திருக்கணுமே' என்று தண்ணீரையும் குறைத்துவிடுகிறார்கள். விளைவு மலச்சிக்கல், தலைசுற்றல், சிறுநீர்க் கடுப்பு. ஒரு பிளாஸ்க்கில் சீரகம் போட்டுக் காய்ச்சிய வெந்நீரைப் பக்கத்தில் வைத்து, பகலிலேயே அடிக்கடி குடித்துவிடச் சொல்லுங்கள்.

இனி வாக்கிங். தாம்பரத்தில் 5 மணிக்கு நடந்தவர், கரோல்பாக்கிலும் 5 மணிக்கே கிளம்பிவிடுகிறார். இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். குளிரில் ரத்தக்குழாய்கள் சுருங்கும், ரத்த அழுத்தம் ஏறும். மாரடைப்பும் பக்கவாதமும் குளிர்காலத்தில் கூடுவது உலகம் முழுக்கக் கண்ட உண்மை. போதாததற்கு, குளிர்கால இரவில் தரையோரம் குளிர்ந்த காற்றும் அதற்கு மேலே சூடான காற்றும் மூடி போட்ட மாதிரி நின்றுவிடும். ஊர்ப் புகையெல்லாம் அந்த மூடிக்குக் கீழேதான் தங்கும். விடியற்காலையில் நடப்பவர் அதைத்தான் நெஞ்சு நிறைய இழுக்கிறார். வெயில் ஏறி, 10 அல்லது 11 மணிக்கு நடக்கட்டும். புகை மண்டிய நாளில் வீட்டுக்குள்ளேயே நடந்தால் போதும். மத்தியானம் டில்லிவாசிகள் மொட்டைமாடியிலும் பார்க்கிலும் வேர்க்கடலை உரித்துக்கொண்டு வெயில் காய்வதைப் பார்த்திருப்பீர்கள். சோம்பேறித்தனம் என்று நினைக்காதீர்கள். அவர்கள் குளிரோடு பிறந்து வளர்ந்தவர்கள். அந்த ஊர் வைத்தியம் அது!

இன்னொன்று. விடியற்காலையில் நெஞ்சை அடைக்கிறது, இடது கை இழுக்கிறது, வியர்க்கிறது என்றால், "வாயுப்பிடிப்பு, சுக்குக் கஷாயம் குடிச்சா சரியாயிடும்" என்று வீட்டில் உட்காராதீர்கள். சுக்கின் பெருமையை என்னைவிட யார் பேசப்போகிறார்கள்? அந்த நானே சொல்கிறேன், அந்த நேரத்தில் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும். பிரஷர் மாத்திரையையும் ஊர் மாறியதற்காக நிறுத்தக்கூடாது, போன இடத்தில் ஒரு தடவை அளந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

சென்னைக்கு வருவோம். இங்கே மார்கழியில் இளைப்பும் இருமலும் கூடுவதற்கு, 'பனி தலையில் இறங்கிடுச்சு' என்பதுதான் வழக்கமான விளக்கம். என் அபிப்பிராயம், குளிரைவிட ஈரமும் புகையும்தான் இங்கே குற்றவாளிகள். வடகிழக்குப் பருவமழை விட்ட கையோடு சுவரெல்லாம் ஊறிப்போயிருக்கும். பீரோவுக்குப் பின்னால் பூஞ்சை. காயாத தலையணையில் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள். 'குளிருது' என்று ஜன்னலையும் சாத்திவிட்டால் கேட்கவே வேண்டாம்! அப்புறம் போகி வரும். 2018 போகியன்று புகையும் பனியும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தில் விமானங்களே தடுமாறின. குழந்தையின் நுரையீரல் எம்மாத்திரம்? பாயையும் தலையணையையும் வெயிலில் போடுங்கள், மத்தியானம் ஜன்னலைத் திறந்து வையுங்கள். டயரைக் கொளுத்தாதீர்கள். தூதுவளை ரசமும் கற்பூரவள்ளிச் சாறும் இதற்கு அப்புறம்தான். ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் எடுப்பவர்கள் அதைத் தாங்களாக நிறுத்திவிட்டு மூலிகை போதும் என்று முடிவு செய்ய வேண்டாம்.

பெங்களூர் மயக்கும் ஊர். 900 மீட்டருக்கு மேல் உயரம். ஜனவரி மத்தியானம் 28 டிகிரி வெயில், விடியற்காலையில் 15, 16. காலையில் ஸ்வெட்டர், மதியம் வியர்வை, சாயங்காலம் அந்த ஈரச் சட்டையோடே ஸ்கூட்டர்! ஒரு மாற்றுச் சட்டை வைத்துக்கொண்டால் பாதி ஜலதோஷம் குறையும். ஊட்டியில் வெயில் சுள்ளென்று அடிக்கும், இரவில் புல்லில் உறைபனி படியும். இரண்டையும் நம்பி ஏமாறக்கூடாது.

எங்கள் சித்த மருத்துவம் வருஷத்தை ஆறு பெரும்பொழுதாகப் பிரிக்கிறது. மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. முன்பனியில் நன்றாகப் பசிக்கும், உளுந்து, எள், நெய், வெண்பொங்கல் எல்லாம் செரிக்கும். கபம் சேருவது பின்பனியில், அது கிளம்பித் தொல்லை தருவது இளவேனிலில். ஆகவே மார்கழியில் பயப்பட்டு, மாசியில் தயிரும் ஐஸ்கிரீமுமாக அலட்சியம் செய்வது தலைகீழ். ஆனால் ஒன்று, இந்தக் கணக்கு நம் மண்ணுக்குப் போட்டது. அதையே டில்லிக்கும் தூக்கிக்கொண்டு போய், வெள்ளிக்கிழமை என்பதற்காகக் காலை 6 மணிக்கு 70 வயதுப் பாட்டிக்கு எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றாதீர்கள். மத்தியான வெயிலில், நல்லெண்ணெயை லேசாகச் சூடாக்கி உடம்புக்கு மட்டும் தேய்த்து, இளஞ்சூட்டு நீரில் குளித்தால் போதும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் தோல் இன்னும் வெடிக்கும்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. டில்லியில் அங்கீட்டி என்று கரி அடுப்பு வைத்துக் குளிர் காய்வார்கள். மூடிய அறைக்குள் அதை வைத்துத் தூங்கி இறந்தவர்களைப் பற்றி ஒவ்வொரு குளிர்காலத்திலும் செய்தி வருகிறது. நம் கொடைக்கானலிலும் நடந்திருக்கிறது. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தூங்குபவருக்கு இருமல்கூட வராது. ரயிலேற்றிவிடும்போதே சொல்லி அனுப்புங்கள். இரவு படுக்குமுன் அடுப்பு அறைக்கு வெளியே போய்விட்டதா என்று, போனில் பேசும்போது பேரனிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.